கோ 51 நெல் விதை: புகையான் எதிர்ப்பை நம்பி வாங்குவோருக்கு ஒரு மதிப்பீடு

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கோயம்புத்தூரிலிருந்து 2013-ஆம் ஆண்டில் வெளியிட்ட கோ 51, ஆடுதுறை 43 ரகத்தை ஆர்.ஆர். 272-1745 என்ற வரிசையுடன் இனக்கலப்பு செய்து உருவாக்கப்பட்ட நெல். 105 முதல் 110 நாளில் அறுவடைக்கு வந்துவிடும் இந்தக் குறுகிய கால ரகம், குறுவை, சொர்ணவாரி, நவரை, கோடை ஆகிய பட்டங்களுக்கு ஏற்றது. குலை நோய், புகையான் (அடித்தண்டில் சாற்றை உறிஞ்சும் பழுப்புத் தத்துப்பூச்சி), பச்சைத் தத்துப்பூச்சி ஆகிய மூன்றுக்கும் ‘மிதமான எதிர்ப்புத் திறன்’ உடையது என்று ரக விளக்கம் கூறுகிறது. டெல்டாப் பகுதியில் குறுவைக்கு இதை வாங்குவோரில் பலர் அந்தச் சொற்றொடரை நம்பியே வாங்குகிறார்கள். நட்டு ஒரு மாதம் கழித்து குத்தை விலக்கிப் பார்த்து, அடித்தண்டில் புகையான் உட்கார்ந்திருப்பதைக் கண்டதும், விதை ஏமாற்றிவிட்டது என்று பேசத் தொடங்குகிறார்கள். இந்த ரகத்தைக் குறுவையில் தொடர்ந்து சாகுபடி செய்துவரும் எனக்கு அந்தக் குறை நியாயமாகத் தோன்றவில்லை. எதிர்ப்புத் திறன் உள்ள பயிரில் பூச்சி உட்காரவே உட்காராது என்ற எண்ணத்திலிருந்து பிறக்கும் குறை அது. பூச்சி ஒரு பயிரைத் தேர்ந்தெடுப்பதும் தள்ளுவதும் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் இந்த விதைக்கு நேர்மையான மதிப்பெண் கொடுக்க முடியும்.

முதலில் விதையைப் பற்றிச் சுருக்கமாக. சான்று விதை நீல நிற அட்டையுடன் வருகிறது; நெல்லுக்கான சான்று விதைத் தரப்படி முளைப்புத் திறன் குறைந்தது 80 விழுக்காடு, புறத்தூய்மை 98 விழுக்காடு, ஈரப்பதம் 13 விழுக்காட்டுக்கு மிகாமல் இருக்க வேண்டும். வேளாண்மை விரிவாக்க மையத்தில் வாங்கிய பைகள் எனக்கு இந்த அளவில் குறை வைத்ததில்லை. நாற்றங்கால் சீராகவே எழுந்தது. சாதாரண நடவுக்கு ஏக்கருக்கு 24 கிலோ போதும்.

இனிப் புகையான். நீண்ட இறக்கையுள்ள தாய்ப் பூச்சிகள் காற்றோடு வந்து வயலில் இறங்கும்போது, இது எதிர்ப்பு ரகம், இது எளிதில் பாதிக்கப்படும் ரகம் என்று வானத்திலிருந்தே பிரித்தறிந்து இறங்குவதில்லை. பச்சை நிறமும், நெருங்கிய பயிரின் அடியில் நிற்கும் ஈரமும் நிழலும் அவற்றை இழுக்கின்றன. பயிரின் மணத்துக்கும் ஓரளவு பங்குண்டு. எதிர்ப்பு ரகத்தையும் பாதிக்கப்படும் ரகத்தையும் அருகருகே வைத்துப் பூச்சிகளை விட்டுப் பார்த்த சோதனைகளில், முதல் சில மணி நேரம் இரண்டு பக்கமும் எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. ஒரு நாள் கடந்த பிறகே பாதிக்கப்படும் ரகத்தின் பக்கம் கூட்டம் சேர்கிறது. ஆகவே நாம் ‘தேர்வு’ என்று சொல்லும் செயலின் பெரும்பகுதி, இறங்கிய பிறகு, சுவைத்துப் பார்த்த பிறகு நடப்பது. பந்தியில் உட்கார்ந்து முதல் கவளத்திலேயே எழுந்துபோகும் விருந்தாளியைப் போல, பூச்சி வந்ததைக் கொண்டு முடிவு கட்டாமல் அது தங்கியதா என்பதைப் பார்க்க வேண்டும்.

சுவைக்கும் முறையும் நுட்பமானது. புகையான் தன் ஊசி போன்ற வாயுறுப்பைத் தண்டுக்குள் செலுத்தும்போதே உமிழ்நீரைச் சுரந்து, அது உறைந்து ஓர் உறையாக மாற, அந்த உறையின் வழியே திசுக்களைக் கடந்து, சர்க்கரை ஓடும் புளோயம் குழாயைத் தேடிப் போகிறது. பாதிக்கப்படும் ரகத்தில் ஒருமுறை புளோயத்தை எட்டிவிட்டால் நீண்ட நேரம் அசையாமல் உறிஞ்சும். எதிர்ப்பு ரகத்தில் அதே பூச்சி குத்தும், எடுக்கும், நகர்ந்து மீண்டும் குத்தும். குத்திய தடங்களின் எண்ணிக்கை எதிர்ப்பு ரகத்தில்தான் அதிகமாக இருப்பதும் உண்டு. முட்கோ என்ற இந்திய ரகத்தை வைத்து பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின: பூச்சி அந்த ரகத்தைக் குத்தியது, ஆனால் போதுமான அளவு குடிக்கவில்லை, புகையானின் உறிஞ்சலைத் தூண்டும் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் அந்தத் தண்டில் குறைவாக இருந்ததை 1970 வாக்கில் ஒரு காரணமாகச் சுட்டினார்கள். நெல்லில் உள்ள ஆக்சாலிக் அமிலம் உறிஞ்சலைத் தடுக்கும் என்பது பின்னர் தெரிந்தது. சில ரகங்களில், பூச்சி குத்திய இடத்தில் சல்லடைக் குழாயின் துளைகளைக் கேலோஸ் என்ற பொருளைப் படியவைத்துப் பயிரே அடைத்துவிடுகிறது.

இதைக் கண்ணால் காணும் வழி ஒன்று உண்டு. ஆய்வுக்கூடங்களில் அன்றாடம் செய்யப்படுவது. புரோமோகிரசால் பச்சை என்ற சாயத்தில் நனைத்து உலர்த்திய வடிதாளைக் குத்தின் அடியில் விரித்து, மேலே பூச்சியை அடைத்து வைக்கிறார்கள். புளோயச் சாற்றைக் குடித்த பூச்சியின் தேன் போன்ற கழிவு காரத்தன்மை உள்ளதால் தாளில் நீலப் புள்ளிகளாக விழும். வேர் உறிஞ்சிய நீரோடும் சைலத்தைக் குடித்துத் தாகம் மட்டும் தணித்துக்கொண்ட பூச்சியின் கழிவு வெளிறிய புள்ளியாக விழும். எதிர்ப்பு ரகத்தின் தாளில் நீலம் சிறுத்துப் போகும். நம் வயலில் சாயத்தாள் வேண்டாம். எதிர்ப்பில்லாத பயிரின் அடித்தண்டும் கீழிலைகளும் பிசுபிசுத்து, அதன்மேல் கரும்பூசணம் படர்வதே போதிய சான்று. கோ 51 வயலில் புகையான் இருந்த நாட்களிலும் அந்தப் பிசுபிசுப்பும் கருமையும் எனக்கு மிகக் குறைவாகவே தென்பட்டன. இந்த விதைக்கு நான் கொடுக்கும் முதல் நல்ல மதிப்பெண் இதற்காகத்தான்.

‘மிதமான’ என்ற சொல்லுக்கும் ஓர் அளவுகோல் இருக்கிறது. தட்டுகளில் வரிசை வரிசையாக நாற்றுகளை வளர்த்து, அவற்றிடையே எளிதில் மடியும் தைவான் ரகமான தைச்சுங் நேட்டிவ் 1-ஐ ஒரு வரிசையும், கேரளத்தின் பட்டாம்பியில் தேர்வு செய்யப்பட்ட உறுதியான பி.டி.பி. 33-ஐ ஒரு வரிசையும் வைத்து, இளம் பூச்சிகளைத் தட்டு முழுவதும் தூவிவிடுகிறார்கள். தைச்சுங் ரகம் ஏறக்குறைய முழுவதும் மடிந்த நாளில், மற்ற வரிசைகள் எப்படி நிற்கின்றன என்று 0 முதல் 9 வரை மதிப்பெண் இடுகிறார்கள். 0 என்றால் சேதமில்லை, 9 என்றால் மிச்சமில்லை. மிதமான எதிர்ப்பு என்பது இந்த அளவுகோலின் நடுப்பகுதி, அதாவது மஞ்சளாகும், சற்றுக் குன்றும், ஆனால் நிற்கும். இந்தச் சோதனையில் பூச்சிக்குப் பக்கத்து வரிசைக்குப் போகும் சுதந்திரம் உண்டு என்பதை வாங்குபவர் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஏன் அதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், அமெரிக்கப் பூச்சியியலாளர் ரெஜினால்ட் பெயின்டர் 1951-இல் வகுத்தபடி பயிரின் எதிர்ப்பு மூன்று வகையாகச் செயல்படுகிறது. பூச்சி அந்தப் பயிரை விரும்பாமல் விலகுவது ஒன்று. தங்கி உண்டாலும் அதன் வளர்ச்சியும் முட்டையிடலும் குன்றுவது இரண்டு. பூச்சி தங்கி உண்டு பெருகியும் பயிர் அதைப் பொறுத்துக்கொண்டு விளைவது மூன்று. முதல் வகைக்கு, விலகிப் போக வேறு இடம் வேண்டும். ஒரு வயலில் கோ 51-ம் அடுத்த வயலில் எதிர்ப்பில்லாத ரகமும் நிற்கும்போது கிடைக்கும் பாதுகாப்பு, ஊர் முழுக்க கோ 51 நடப்பட்ட ஆண்டில் அப்படியே கிடைக்காது. போக்கிடமில்லாத பூச்சி பிடிக்காத பயிரையும் குடித்தே தீரும். அப்போது நமக்கு மிஞ்சுவது இரண்டாம், மூன்றாம் வகைகள் மட்டுமே. என் வயல் தப்பியதைப் பார்த்து அடுத்த குறுவையில் மடை முழுவதும் இதையே நட்டவர்கள், முந்தைய ஆண்டின் அதே காட்சியை எதிர்பார்த்திருக்கக் கூடாது.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். வரப்பின் அந்தப் பக்கம் எதிர்ப்பில்லாத வேறொரு குறுகிய கால ரகம் நின்றது. நீண்ட இறக்கைப் பூச்சிகள் இரண்டு வயல்களிலும் ஒரே வாக்கில்தான் தென்பட்டன. வேறுபாடு அடுத்த தலைமுறையில் வந்தது: பக்கத்து வயலில் குட்டை இறக்கைப் பெண் பூச்சிகள், அதாவது இங்கேயே தங்கி முட்டையிடுவது என்று தீர்ந்தவை, குத்துக்குக் குத்து மொய்த்தன, என் வயலில் அவை அங்கங்கே இருந்தன. பால் பிடிக்கும் பருவத்தில் பக்கத்து வயல் வட்ட வட்டமாகத் தீய்ந்தது, என் வயலில் அந்த வட்டம் விழவில்லை. ஆயினும் இந்த வேறுபாடு முழுவதையும் விதையின் கணக்கில் எழுத நான் தயாரில்லை. அங்கே யூரியாவும் கூடுதலாகப் போயிருந்தது.

யூரியாவைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்வது அவசியம், ஏனெனில் இந்த விதையின் எதிர்ப்பை வாங்கியவரே கரைத்துவிடும் வழி அதுதான். தழைச்சத்து மிகுந்தால் தண்டுச் சாற்றில் கரைந்த அமினோ அமிலங்கள் பெருகுகின்றன. முன்பு குடிக்கத் தயங்கிய பூச்சி தங்கிக் குடிக்கத் தொடங்குகிறது, அதிக முட்டையிடுகிறது, குஞ்சுகள் விரைவாக வளர்கின்றன. மிதமான எதிர்ப்புள்ள ரகத்துக்கு அளவு மீறித் தழைச்சத்து இட்டால் அது பாதிக்கப்படும் ரகத்தைப் போலவே நடந்துகொள்ளும். பயிர் கருகருவென்று நிற்கவேண்டும் என்ற ஆசைக்கு இந்த ரகத்தில் இடமில்லை. பிரித்து இடுவதும், இலை வண்ண அட்டையைப் பார்த்து இடுவதும் இதற்குப் பொருந்தும். எட்டடிக்கு ஓரடி இடைவெளி (பட்டம்) விட்டு நடுவதும் அப்படியே. அடித்தண்டில் வெளிச்சமும் காற்றும் புகுந்தால், பூச்சியை இழுத்த நிழலும் ஈரமும் குறைகின்றன.

அடுத்தது மருந்து. புகையானைக் கண்டதும் தெளிப்பவர்களுக்கு இந்த விதை வீண் செலவு. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு (குத்தில் உள்ள ஒரு தண்டுக்கு) ஒரு பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி இருக்கும் வயலில் தூருக்கு இரண்டு பூச்சி என்பதே பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் பொருளாதாரச் சேத நிலை. அதற்குக் கீழே தெளிக்க வேண்டியதில்லை. எதிர்ப்பு ரகத்தில் பூச்சி ஓரிடத்தில் நிலைக்காமல் குத்துக்குக் குத்து அலைவதால் சிலந்திக்கும், முட்டையைத் தேடி உறிஞ்சும் பச்சை நாவாய்ப் பூச்சிக்கும் எளிதாக அகப்படுகிறது என்பது என் கருத்து. செயற்கை பைரித்ராய்டு மருந்துகளை அடித்து அந்த வேட்டைக்காரர்களைக் கொன்றுவிட்டால், புகையான் முன்னைவிடப் பெருகித் திரும்பும்; இந்த மறுபெருக்கம் ஆசிய நெல் நாடுகள் பலவற்றில் நன்கு பதிவானது. குறுகிய வயதும் இங்கே ஒரு துணை. புகையானின் ஒரு தலைமுறைக்கு ஏறக்குறைய நான்கு வாரம் ஆகிறது. 110 நாளில் அறுவடையாகும் பயிரில், அதிலும் நாற்றங்கால் நாட்களைக் கழித்தால், அது பெருகுவதற்குக் கிடைக்கும் சுற்றுகள் குறைவு.

மிதமான எதிர்ப்பைவிட முழுமையான எதிர்ப்பு மேலானதல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. ஐ.ஆர். 26-இன் கதை அவர்களுக்கானது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1973-இல் வெளியான அந்த ரகம் பிபிஎச் 1 என்ற ஒரே வலிய மரபணுவைத் தாங்கிப் புகையானை முதலில் அடியோடு தள்ளியது. பெரும் பரப்பில் ஒரே ரகமாக நடப்பட்ட சில ஆண்டுகளிலேயே இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் அதைக் குடிக்கத் தெரிந்த புகையான் பெருகி அந்த எதிர்ப்பு உடைந்தது. சுவையான செய்தி என்னவென்றால், ஐ.ஆர். 26-க்கு அந்தக் குணம் நம் திருவள்ளூர் மாவட்டத் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம். 6 ரகத்தின் வழியாகப் போனது; டி.கே.எம். 6 தானே புகையானைத் தாங்காது, அதன் சந்ததியில்தான் அந்தத் திறன் வெளிப்பட்டது. அம்பாசமுத்திரத்தின் அம்பை 7-இல் கண்டறியப்பட்ட பிபிஎச் 2 மரபணுவும் பிலிப்பைன்ஸில் மதிப்புடன் எண்ணப்பட்டது, ஆனால் தெற்காசியப் புகையான் அம்பை 7-ஐத் தயங்காமல் குடிக்கிறது. இங்கே தாக்குப்பிடிப்பவை பட்டாம்பியின் பி.டி.பி. 33-ம் இலங்கையின் ரத்து ஹீனட்டியும் போன்றவை. மறுபுறம், 1985-இல் வந்த ஐ.ஆர். 64 அதே பிபிஎச் 1-உடன் வேறு சிறு மரபணுக்களும் சேர்ந்த மிதமான எதிர்ப்பைக் கொண்டு, வலிய மரபணு உடைந்த பிறகும் வயலில் நெடுங்காலம் நின்றது. பூச்சியை முழுவதும் பட்டினி போடும் பயிர், அதை மீறக்கூடிய பூச்சியை விரைந்து தெரிந்தெடுத்துவிடுகிறது. ஓரளவு குடிக்கவிட்டு இனப்பெருக்கத்தை மந்தமாக்கும் பயிர் அந்த நெருக்கடியைக் குறைக்கிறது. ஆகவே ‘மிதமான’ என்பதை நான் குறையாக எழுதவில்லை.

குறையாக எழுத வேண்டியது வேறு. குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் இந்த ரகம் எதையும் வாக்களிக்கவில்லை, வயலிலும் அப்படியே. குருத்துப்பூச்சியால் மணி பிடிக்காமல் வெளுக்கும் வெண்கதிர் இதிலும் வரும். குருத்துப்பூச்சியின் தேர்வு முற்றிலும் வேறு முறையில் நடப்பதால் புகையானுக்குக் கிடைத்த பாதுகாப்பை அதற்கு நீட்டிப் பார்க்க முடியாது. புகையான் தானே குடித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் நகர்கிறது. குருத்துப்பூச்சியில் தாய் அந்துப்பூச்சிதான் முடிவெடுக்கிறது. இலை நுனியருகே முட்டைக் குவியலை இட்டு, தன் உடல் ரோமத்தால் மூடிவிட்டுப் போய்விடும். பொரிக்கும் புழு காற்றில் நூலிழை விட்டுச் சற்றுத் தள்ளிப் போகலாமே தவிர, ரகத்தை மாற்றிக்கொள்ள இயலாது. மேலே சொன்ன டி.கே.எம். 6 இந்தக் களத்தில்தான் புகழ் பெற்றது: அதன் தண்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட பென்டாடெக்கனால் என்ற பொருள், குருத்துப்பூச்சி வகைகளில் ஒன்றான வரித் தண்டுத்துளைப்பானின் முட்டையிடலையும் முட்டை பொரிப்பதையும் புழுவின் வளர்ச்சியையும் தடுத்தது. ஐ.ஆர். 20-க்கு அந்த ரகம் பெற்றோராக அமைந்ததும் இந்தக் குணத்துக்காகவே. கோ 51-ஐ நடுபவர் நாற்றின் நுனியைக் கிள்ளி நடுவதையும் முட்டை ஒட்டுண்ணி விடுவதையும் கைவிடக் கூடாது.

பச்சைத் தத்துப்பூச்சியும் குலை நோயும் என் வயலில் ஒருமுறையும் தீவிரமாக வராததால் அந்த இரண்டு வாக்குறுதிகளையும் நான் சோதித்ததாகச் சொல்ல இயலாது. விளைச்சல் நிறைவு, ரக விளக்கம் எக்டேருக்கு 6.6 டன் என்று சொல்வது நல்ல பராமரிப்பில் கிடைக்கும் சராசரி என்று எடுத்துக்கொள்ளலாம். மத்திய சன்ன அரிசி வெள்ளையாக அரைபடுகிறது, சோற்றுக்கு நன்று. இட்லிக்கு ஆடுதுறை 37-இன் குண்டு அரிசியை விரும்பும் வீட்டார் இதில் திருப்தி அடைய மாட்டார்கள்.

விதையை எங்கே வாங்குவது, எத்தனை பட்டம் சொந்த விதையை வைத்துக்கொள்வது என்பதிலும் பூச்சியின் தேர்வு குறுக்கிடுகிறது. ஒருமுறை தனியார் கடை ஒன்றில் அவசரத்துக்கு வாங்கிய பையில் கலப்பு இருந்தது. உயரத்திலும் பூக்கும் நாளிலும் மாறுபட்ட குத்துகள் வயலெங்கும் தலைகாட்டின. எதிர்ப்பு ரகத்தின் நடுவே சிதறி நிற்கும் எதிர்ப்பில்லாத குத்துகள், விலகிப் போக இடம் தேடும் புகையானுக்கு வயலுக்குள்ளேயே தங்குமிடம் கொடுக்கின்றன; அங்கே பெருகும் கூட்டம் பயிர் முற்றும் தறுவாயில் சுற்றியுள்ள நல்ல குத்துகளுக்குப் பரவுகிறது. நான் பார்த்தவரை பிசுபிசுப்பு முதலில் தெரிந்தது அத்தகைய கலப்புக் குத்துகளின் அடியில்தான். சொந்த விதையை வைத்துக்கொள்பவர்கள் பூக்கும் பருவத்திலும் அறுவடைக்கு முன்பும் கலவன், அதாவது வேற்று ரகக் குத்துகளை, நீக்க வேண்டும்; அதற்கு ஆள் கிடைக்காது என்றால், இரண்டு மூன்று பட்டத்துக்கு ஒருமுறை நீல அட்டை கட்டிய புதுப் பையை, அட்டையின் மேல் உள்ள குவியல் எண்ணையும் காலாவதி நாளையும் பார்த்து வாங்கி, ரசீதையும் அட்டையையும் அறுவடை முடியும்வரை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.